உப்புக்குச் சப்பாணி

சின்னப் புள்ளன்னுகூடப் பாக்காம அவுட்டு அவுட்டுன்னு கத்தி அழவிட்டு அனுப்புறீங்களே, நீங்கல்லாம் புள்ள பெத்தவங்கதானா? இதைத்தானே வாசல்ல நின்னு கேட்டீங்க. ஒரு எழுத்துக் குறையாமச் சொல்லிட்டேனா? பாளையங்கோட்டைக் கான்வென்ட்ல படிச்சவளாக்கும். ஒரு தடவை காதுல விழுந்ததைத் திருப்பி ஒப்பிக்கலேன்னா சிஸ்டர் விரல் முட்டியில ஸ்கேலாலே போடுவாவ. அந்தப் பழக்கம் இன்னும் போகல. சொன்னவங்க மறந்தாலும் நான் மறக்க மாட்டேன்.

சரி, கேட்டாச்சுல்ல. இப்ப உள்ள வாங்க. தெருவுல நின்னு கேட்டதுக்குத் தெருவுல நின்னே பதில் சொல்லுத சோலி நமக்கு ஆகாது. எதுத்த வீட்டுச் சங்கரம்மா ஏற்கெனவே ஜன்னலைத் திறந்து வச்சிட்டா பாருங்க. காத்துக்கா திறந்திருக்கா? புரட்டாசி மாசத்துல கோவில்பட்டியில எங்கன காத்து?

அந்த ஸ்டூல் வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆடும். பெஞ்சுல உக்காருங்க. மங்கை, நீ வாட்டி. அம்மா சேலைக்குள்ள என்ன ஒளிஞ்சுக்கிட்டு நிக்கே? கடலைமிட்டாய் வேணுமா? வேண்டாமா? சரி, கோவம்னா அப்படித்தான் இருக்கணும். மிட்டாயைப் பாத்த உடனே போயிருத கோவம் என்ன கோவம். அந்தா, முத்தத்துல அடிபம்புகிட்டப் போயி வெளையாடு. தண்ணியை மட்டும் வீணாக்காதே, அது இப்பவே இருமிக்கிட்டுத்தான் தண்ணி விடுது.

நீங்க காப்பியை எடுத்துக்கோங்க. ஏன், எங்க வீட்டுக் காப்பி என்ன செஞ்சது உங்களை? சண்டை போட வந்த வீட்டுல குடிக்கக் கூடாதுன்னு திருச்சிப் பக்கம் ஏதும் ரூல் இருக்கா? குடிச்சிட்டே சண்டை போடலாம். நான் அப்படித்தான் போடுதது.

இன்னைக்கு நடந்தது இவ்வளவுதான். கிளித்தட்டு வெளையாண்டுக்கிட்டு இருந்தோம். உங்க ஊர்ல அது உண்டான்னு தெரியல. முத்தத்துல சுண்ணாம்பால கட்டம் கட்டமாப் போட்டிருக்கேன், பாத்திருப்பீங்க. குறுக்குக் கோட்டுக்கு ஒருத்தர் நின்னு மறிக்கணும். நடுக்கோட்டுல ஓடி ஓடி மறிக்கிறதுதான் கிளி. மத்த பிள்ளைக தொடுபடாம ஒவ்வொரு கட்டமாத் தாண்டி, அந்தக் கடைசிக்குப் போயி, திரும்பி வரணும். உங்க மக மூணு கட்டம் தாண்டினா. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கிட்டு என்னா நெளிவு நெளிஞ்சாங்கிறீங்க. கிளியா நின்னது பூவனநாதன், பத்தாவது படிக்கிற தடியன். அவன் கையை நீட்டினான், தோள்ல பட்டுருச்சு. நான் அவுட்டுன்னேன். அவ இல்லேன்னா. நான் இருக்குன்னேன். அழுதுக்கிட்டுப் போயிட்டா. இதுல நான் பிள்ளை பெத்தேனா பெறலையாங்கிற கேள்வி எங்கன இருந்து வந்துச்சுன்னு எனக்குப் புரியல.

ஆங். அதான் கேட்டீங்களே, அதையும் சொல்லிருதேன். ஆறு வயசுப் புள்ளதானே, ஒப்புக்குச் சப்பாணியா வச்சுக்கிட்டா என்ன கொறஞ்சா போயிரும்னு. உங்க ஊர்ல ஒப்புக்கு. நாங்க இங்க உப்புக்குச் சப்பாணிம்போம். எது சரின்னு தமிழ் வாத்தியார்கிட்டத்தான் கேக்கணும். எப்படிச் சொன்னாலும் சோலி ஒண்ணுதான். சின்னப் பிள்ளை, வெளையாடணும்னு அடம்பிடிக்கும். சேத்துக்கிட்டா ஆட்டம் கெடும், சேக்கலேன்னா அழும். அதுக்காகச் சேத்துக்கிட்ட மாதிரி வச்சுக்கிடுதது. அது ஓடலாம், ஒளியலாம், கத்தலாம். தொட்டாலும் அவுட் கிடையாது. ஜெயிச்சாலும் ஜெயிச்சது கிடையாது. அது ஒரு ஆளே கிடையாது. ஆனா அதுக்கு மட்டும் அது தெரியாது.

தெரியும்ங்கீங்களா? சில பிள்ளைக்குத் தெரியும்தான்.

இந்த முத்தத்துல அது கிடையாதும்மா. வேற எது கேட்டாலும் தாரேன். கிளியா நிக்கணுமா, நிக்கட்டும். ரெண்டாவது தடவை எறங்கணுமா, எறங்கட்டும். பெரிய பிள்ளைகளை நொண்டியடிச்சுக்கிட்டு மறிக்கச் சொல்லணுமா, சொல்லுதேன், பூவனநாதன் நொண்டியடிச்சா எனக்கும் பாக்கச் சந்தோசந்தான். ஆனா எறங்கின பிள்ளை ஆட்டத்துல உண்டு. தொட்டா அவுட்டு. இன்னைக்கு உங்க மக அழுதுக்கிட்டுப் போனப்ப எனக்கு மனசுக்குள்ள என்ன தோணுச்சு தெரியுமா? அழட்டும்னு தோணுச்சு. அவுட்டாயிட்டோமேன்னு அழுத பிள்ளை, ஆட்டத்துல இருக்கிற பிள்ளை.

கல்நெஞ்சுக்காரின்னு நெனைக்கீங்க. நெனைச்சுக்கோங்க. இந்தத் தெருவுல எனக்கு அதை விட நல்ல பேரெல்லாம் உண்டு. கோட்டிக்காரி, அதான் உங்க ஊர்ல பைத்தியக்காரி, மிலிட்டரிக்காரி, இங்கிலீஷ் மாடசாமி. ஆமா, மாடசாமிதான். கையில அருவா இல்ல, விசில் இருக்குல்ல.

இங்கன வாரதுல பாதிப் பிள்ளைக தீப்பெட்டி ஆபீசுக்குப் போகுதுக. விடியுமுன்ன வேன் வந்து அள்ளிக்கிட்டுப் போயிரும், பாத்திருப்பீங்களே. நாள் பூராக் குனிஞ்சு உக்காந்து கட்டைச் சட்டத்துல தீக்குச்சி அடுக்குதுக. ஞாயித்துக்கிழமை ஒரு நாள்தான் அதுகளுக்கு முதுகு நிமிருது. அதுக கத்துதுன்னு உங்க வீட்டுக்காரர் சொன்னாராமே, ராத்திரி டியூட்டி பாத்துட்டு வந்து தூங்க முடியலன்னு. ஸ்டேஷன்ல எஞ்சின் ஊதுறப்ப வாராத தூக்கமா? சரி, அதுக்கு வேணும்னா நான் ஒரு வழி பண்ணுதேன். மூணு மணிக்குப் பதிலா நாலு மணிக்கு ஆரம்பிக்கேன். போதுமா?

பெரியவங்களும் வாரதுண்டு. சிரிக்காதீங்க. அஞ்சு மணிக்கு மேல குடும்பத்தோட எறங்கணும்னு நான்தான் ஆரம்பிச்சு வச்சேன். கான்வென்ட்ல மியூசிக்கல் சேர் வைப்பாவ. இங்க அம்புட்டு நாற்காலிக்கு எங்க போக? சாக்கை மடிச்சு வட்டமாப் போட்டேன். சிலோன் ரேடியோவைத் திருகி விட்டு, நிறுத்தினா சாக்குல உக்காரணும். பேட்டரி தீந்து போனா நான் தாம்பாளத்தைத் தட்டுவேன். சங்கரம்மா இருக்காள்ல, அவ போன வாரம் சாக்கைக் கையிலயே எடுத்துக்கிட்டு ஓடுதா. கேட்டா, எங்கன நின்னாலும் உக்காரலாம்லக்கா, அப்படிங்கா. இவிய இருக்காவளே, எங்க வீட்டுக்காரர், பேசவே காசு கேப்பாவ. அவிய கூட எலுமிச்சம்பழத்தைக் கரண்டியில வச்சு, கரண்டியை வாயில கடிச்சுக்கிட்டு நடந்தாவ. பழத்தைக் கீழ போடாமக் கடைசி வரைக்கும் போயிட்டு, அங்கன நின்னு திரும்பிப் பாத்தாவ பாருங்க. யாரோ வாராவளான்னு பாக்குத மாதிரி. எல்லாரும் கை தட்டுனாவ. நான் உள்ள போயிட்டேன்.

ஒண்ணுமில்ல. அடுப்புல பால் வச்சிருந்தேன்.

அதுவும் தப்பா? வரிசையில நிக்க வச்சுப் பேரு கேக்குதது? மங்கை வந்து சொன்னாளாக்கும். ஜெயில்ல மாதிரி நிறுத்துறாங்கம்மான்னாளா? அட, வாயைப் பாரேன். ஆமா, ஆரம்பிக்கதுக்கு முன்ன எல்லாரும் வரிசையா நிக்கணும். அவங்கவங்க பேரை அவங்கவங்களே சத்தமாச் சொல்லணும். முடிஞ்ச பிறகும் அதே மாதிரி நின்னு, அதே மாதிரி சொல்லணும். எல்லாப் பேரும் என் காதுல விழுந்த பிறகுதான் கடலைமிட்டாய். ஒரு பேரு கொறஞ்சா யாருக்கும் கிடையாது, வாசல் கேட்டும் திறக்காது. இன்னைக்கு உங்க மக பாதியில போயிட்டாளா, நான் மிட்டாய் குடுக்கலையே. பூவனநாதனை உங்க வீட்டுக்கு அனுப்பி, மங்கை வீட்டுக்குள்ளதான் இருக்காளான்னு பாத்துட்டு வரச் சொல்லி, அவன் வந்து சொன்ன பிறகுதான் குடுத்தேன். நீங்க அவனைப் போடான்னு விரட்டினீங்களாம். பரவாயில்ல. இருக்கான்னு தெரிஞ்சா எனக்குப் போதும்.

குடிங்கம்மா, காப்பி ஆறுது.

ஐஸ்பாயா? அதைக் கேக்காதவங்க யாரு. உங்க மக வந்த முத நாளே கேட்டா. ஐஸ்பாய் வெளையாடலாமா அத்தைன்னு. ஐ ஸ்பைன்னு இங்கிலீஷ்ல, ஒளிஞ்சிருக்கவனைப் பாத்துட்டேன்னு அர்த்தம். அதை இங்க ஐஸ் விக்கிற பையன் ஆக்கிட்டாவ. அதை நான் திருத்தப் போறதில்ல, ஏன்னா இங்கன அந்த வெளையாட்டே கிடையாது. கிளித்தட்டு உண்டு, ஏழுகல் உண்டு, கல்லா மண்ணா உண்டு, எறிபந்து உண்டு. எல்லாரும் எல்லார் கண்ணுக்கும் தெரியணும். ஒளியுத வெளையாட்டு மட்டும் இந்தக் கேட்டுக்கு வெளிய.

அப்பறம் எதுக்கு, ம், சொல்லுங்க. தொண்டைக்குள்ள வச்சுக்கிட்டுக் கஷ்டப்படாதீங்க. நீங்க அதையும் கேப்பீங்கன்னு தெரியும். குடிவந்த அன்னைக்கே மொட்டை மாடியில நின்னு பாத்தீங்களே. எல்லாப் பிள்ளையும் போன பிறகு, காலி முத்தத்துல நின்னு, ஆட்டம் முடிஞ்சிருச்சு, ஒளிஞ்சவங்க எல்லாம் வெளிய வாங்கன்னு யாரைப் பாத்துக் கத்துதா இந்தப் பொம்பளைன்னு. ஒளியுத வெளையாட்டே இல்லங்கா, ஒளிஞ்சவங்க வெளிய வாங்கன்னும் கூப்பிடுதா. கோட்டிதான்னு முடிவு கட்டியிருப்பீங்க. சங்கரம்மா ஏதும் சொன்னாளா? சொல்லலையா. அவளுக்கு ஊர்ல எல்லாத்தையும் சொல்லத் தெரியும், இதைச் சொல்ல வாய் வராது. அந்த மட்டுக்கு அவ நல்லவ.

நீங்க மொதல்ல கேட்டதுக்கு நான் இன்னும் பதில் சொல்லலையே. பிள்ளை பெத்தவதான். ரெண்டு. மூத்தவன் மாயகிருஷ்ணன். பாலிடெக்னிக்ல படிக்கான், ஹாஸ்டல். அவனுக்கு அப்புறம் அஞ்சு வருசம் கழிச்சு ஒரு பொம்பளைப் பிள்ளை, செண்பகம். அம்மன் பேரு, செண்பகவல்லி. இந்த ஊர்ல தடுக்கி விழுந்தா ஒரு செண்பகவல்லி மேலதான் விழணும். இருந்தாலும் அவிய அம்மா பேருக்குத்தான் வைக்கணும்னு நின்னாவ, நான் இதுக்குத்தான் நின்னேன். நான்தான் ஜெயிச்சேன்.

உங்க மக மாதிரித்தான். இதே உசரம். இதே மாதிரி வெடுக்கு வெடுக்குன்னு பேச்சு. நான் பாவாடையைத் தூக்கிச் செருகுவான்னு சொன்னேன்லா, அது செண்பகம் செய்யுதது. மங்கையும் செய்யுதா. எல்லாப் பிள்ளையும்தான் செய்யுது, அதுல என்ன இருக்கு.

இவியளுக்கு இடைசெவல்ல நிலம். கரிசல். இப்ப கம்பும் உளுந்தும்தான் போடுதோம். அப்ப பருத்தி. மாசி பங்குனியில எடுப்பாவ, வண்டியில இங்க கொண்டாந்து பின்னால அந்த அறையில கொட்டிருவாவ. வியாபாரி வர வரைக்கும் அங்கனயே கெடக்கும். உத்தரம் வரைக்கும் அம்பாரம் குமிஞ்சிருக்கும். நீங்க வயக்காட்டுக்காரங்க, நெல்லுதான் பாத்திருப்பீங்க. வெதை எடுக்காத பருத்தி அது. காலை வச்சா இடுப்பு வரைக்கும் இழுக்கும், மெத்து மெத்துன்னு. பிள்ளைகளுக்கு அதுல குதிக்கதுன்னா உசிரு. நானும் சத்தம் போடுவேன், சட்டையெல்லாம் பஞ்சும் தூசியுமா வருதீங்களேலேன்னு. அவ்வளவுதான், அதுக்கு மேல அந்தப் பருத்தியைப் பத்தி யாரும் ஒண்ணும் நெனைச்சதில்ல. இந்த ஊர்ல எல்லா வீட்டுலயும் பருத்தி கெடந்துச்சு, எல்லா வீட்டுப் பிள்ளையும் அதுலதான் உருண்டுச்சு.

பங்குனி மாசம், ஞாயித்துக்கிழமை. ஐஸ்பாய்தான் வெளையாண்டாவ. இந்த முத்தத்துலயேதான். மாயகிருஷ்ணன்தான் கண்டுபிடிக்கிறவன், அந்த அடிபம்புல முகத்தை வச்சுக் கண்ணைப் பொத்திக்கிட்டு எண்ணினான். இவ நானும் வாரேன்னு நின்னா. போன வாரம் இவளை மொதல்ல கண்டுபிடிச்சுட்டான்னு ஒரு மணி நேரம் அழுதிருக்கா. இந்தப் பிள்ளை அழக் கூடாதேன்னு அவன் சொல்லியிருக்கான், பாப்பா உப்புக்குச் சப்பாணிலே, அவளை யாரும் அவுட்டாக்காதீங்கன்னு. தங்கச்சி மேல அவனுக்கு அம்புட்டு ஆசை. தன் பங்கு மிட்டாயைக் கடிச்சு, பாதியை அவ வாயில வைக்கிற பையன்.

அவன் எல்லாரையும் கண்டுபிடிச்சுட்டான். வைக்கப்போருக்குப் பின்னால ஒருத்தன், மாட்டு வண்டிக்கு அடியில ஒருத்தன், எல்லாரையும். அந்நேரம் பாத்துத் தெருவுல குச்சிஐஸ்காரன் மணி அடிச்சான். எல்லாரும் ஓடிட்டாவ. எல்லாரும்னா, ஆட்டத்துல உள்ள எல்லாரும். உப்புக்குச் சப்பாணியை யாராவது தேடுவாவளா? நீங்களே சொல்லுங்க, நீங்களும் சின்னப் பிள்ளையில வெளையாண்டவங்கதானே. தேட வேண்டியதில்ல. அதுதான் ரூலு. அது எங்கனயாவது ஒளிஞ்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் இருக்கும், சலிச்சா அதுவா எந்திரிச்சு அம்மாகிட்டப் போயிரும். பிள்ளைக அவ என்கிட்ட இருக்கான்னு நெனைச்சுதுக. நான் அவ பிள்ளைகளோட இருக்கான்னு நெனைச்சேன்.

நான் அடுப்படியில பணியாரம் சுட்டுக்கிட்டு இருந்தேன். அவளுக்குக் கருப்பட்டிப் பணியாரம்னா போதும். கூப்பிட்டேன். செண்பகம், பணியாரம் ஆறுது வாட்டின்னு. அடுப்படி ஜன்னல்ல இருந்து அந்த அறை எம்புட்டுத் தூரம், இந்தா, நீங்களே பாருங்க. கை நீட்டினாத் தொடலாம். ரெண்டு தடவை கூப்பிட்டேன். மூணாவது தடவை, வரலேன்னா போ மூதின்னு சொல்லிட்டு அடுத்த ஈடு ஊத்தினேன்.

வெளக்கு வச்ச பிறகுதான் தேட ஆரம்பிச்சோம். தெருவெல்லாம் தேடினோம், கிணத்துல ஆளை எறக்கினோம், ஸ்டேஷனுக்கு ஓடினோம். கடைசியிலதான் இவிய அந்த அறைக்குள்ள போனாவ. அம்பாரத்துல ஒரு பக்கம் சரிஞ்சு கெடந்திருக்கு. அடியில கூடி நுழைஞ்சிருக்கா, மேல உள்ளது எறங்கிருச்சு. இவிய ரெண்டு கையாலயும் பருத்தியை அள்ளி அள்ளி முத்தத்துல எறிஞ்சாவ. எறிஞ்சுக்கிட்டே இருந்தாவ. முத்தம் வெள்ளையாயிருச்சு, தெருவெல்லாம் வெள்ளையாயிருச்சு. அடுத்த மழை வரைக்கும் அந்தா அந்த முள்வேலியில பஞ்சு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. யாரும் எடுக்கல.

வேண்டாம், எந்திரிக்காதீங்க. அழாதீங்க. சண்டை போட வந்துட்டு அழுதா, நான் எப்படிச் சண்டையை முடிக்க? உக்காருங்க.

டாக்டர் சொன்னாரு, உடனேயே போயிருக்கும், கஷ்டப்பட்டிருக்காது, உங்க சத்தமும் கேட்டிருக்காதுன்னு. பருத்திக்குள்ள சத்தம் போகாதாம். படிச்ச மனுசன், பொய்யா சொல்லப் போறாரு. ஆனா எனக்கு ஒண்ணு இருக்கும்மா. ஐஸ்பாய்ல ஒரு ரூலு உண்டுல்ல. யாரு கூப்பிட்டாலும் வெளிய வரக் கூடாது. அம்மா கூப்பிட்டாலும் வரக் கூடாது, பணியாரம்னு சொன்னாலும் வரக் கூடாது, அது ஏமாத்தா இருக்கும். கண்டுபிடிக்கிறவன் ஆட்டம் முடிஞ்சிருச்சுன்னு சொன்னாத்தான் வரணும். மாயகிருஷ்ணன் அவளுக்கு அதை நல்லாச் சொல்லிக் குடுத்திருந்தான். அவ ரூலுன்னா ரூலுதான். என்னை மாதிரி.

அன்னைக்கு ஆட்டம் முடிஞ்சிருச்சுன்னு யாரும் சொல்லல.

யாரைத் திட்ட? எனக்கு வாய்க்குக் குறைச்சலா? இந்தத் தெருவுல நான் திட்டாத ஆளு கிடையாது. அன்னைக்கு யாராவது ஒருத்தர் ஒரு தப்புப் பண்ணியிருந்தா, அவிய தலைமுறைக்கே கேக்குத மாதிரி திட்டித் தீத்துட்டு, தலையை முடிஞ்சுக்கிட்டு வேலையைப் பாத்திருப்பேன். தப்புப் பண்ணுன ஆளே இல்ல. அழாம இருக்கட்டும்னு செஞ்சான் என் பையன். இன்னைக்கு நீங்க கேட்டது மாதிரித்தான். அழாம இருக்கட்டும்னுதானே நீங்களும் கேக்கீங்க. அதான் வாசல்ல வச்சு நீங்க அந்த வார்த்தையைச் சொன்ன உடனே எனக்குச் சட்டுன்னு ஆயிருச்சு. உங்களைச் சொல்லல.

அதுக்குப் பிறகு ஒரு வருசம் இந்தத் தெருவுல ஒரு பிள்ளை வெளையாடல. எல்லா அம்மாவும் பிள்ளையைப் பிடிச்சு உள்ள போட்டுட்டாவ. ஒரு சத்தம் கிடையாது. சாயந்தரமானா எனக்குக் காது ரெண்டும் அடைச்சுக்கிட்ட மாதிரி இருக்கும், பஞ்சு வச்ச மாதிரி. பொறுக்க முடியல. நான்தான் வீடு வீடாப் போயி, என் முத்தத்துக்கு அனுப்புங்க, நான் பாத்துக்கிடுதேன், பேரு சொல்லி வாங்குவேன், பேரு சொல்லித் திருப்பிக் குடுப்பேன்னு கூட்டிட்டு வந்தேன். இந்தக் கத்தலும் கூப்பாடும் நான் கேட்டு வாங்கினது. உங்க வீட்டுக்காரர்கிட்டச் சொல்லுங்க. தூக்கம் கெட்டதுக்கு மன்னிச்சுக்கிடச் சொல்லுங்க.

எல்லாரும் போன பிறகு நான் கூப்பிடுதேன். ஆட்டம் முடிஞ்சிருச்சு, ஒளிஞ்சவங்க வெளிய வாங்கன்னு. வரப் போறதில்லன்னு தெரியாத கோட்டியா நான்? தெரியும். சொல்ல வேண்டியது சொல்லாமக் கெடக்குல்லா, அதுக்காகச் சொல்லுதேன். ஆனா பாருங்க, நான் சொன்னாச் செல்லாது. நான் அம்மா. நான் கூப்பிட்டா ஏமாத்துதேன்னுதான் நெனைப்பா. கண்டுபிடிக்கிறவன் சொல்லணும்.

அவன் வாரதில்ல. லீவுன்னா எப்போதும்வென்றான் ஊர்ல என் தங்கச்சி வீட்டுக்குப் போயிருவான். அங்க என்ன இருக்கு, வெயிலும் வேலிக்கருவையும். அங்கன போயி உக்காந்துக்கிடுவான். போன பொங்கலுக்கு வந்தான். வாசல்ல செருப்பைக் கழட்டினதும் நேர வீட்டுக்குள்ள, அந்த அடிபம்பு இருக்கிற பக்கமே திரும்பல. குளிக்கதுக்குக் கூட இவியளைத் தண்ணி அடிச்சுக் குடுக்கச் சொன்னான். சாப்பிட உக்காந்தப்ப நான் கேட்டேன். ஏலே, ஒரே ஒரு தடவை நீ கூப்பிட்டுருலே, அம்மாவுக்காகன்னு. இலையில வச்ச கையை அப்படியே எடுத்துக்கிட்டு எந்திரிச்சான். மதியம் பஸ்ஸுக்குப் போயிட்டான். பிறகு வரல. லெட்டர் போடுதான், நல்லா இருக்கேன்னு.

தெருப் பிள்ளைக கிட்டக் கேக்கலாம்னா, அன்னைக்கு வெளையாண்டதுகளோட தம்பி தங்கச்சிகதான் எல்லாம். அதுகளுக்குத் தெரியும். பயந்து போயி நாளைக்கு வராது. பூவனநாதன் அன்னைக்கு அந்த மாட்டு வண்டிக்கு அடியில ஒளிஞ்சவன். அவன்கிட்ட எப்படிக் கேக்க?

ஐஸ்பாய்ல இன்னொரு ரூலும் உண்டும்மா. கண்டுபிடிக்கிறவனுக்கு வீட்டுல வேலை வந்துட்டா, அவன் போயிரலாம். அவன் இடத்துல வேற ஒரு பிள்ளை நிக்கலாம். ஆனா அது உண்மையான ஆளா இருக்கணும். உப்புக்குச் சப்பாணி நிக்க முடியாது. இன்னைக்கு என் முத்தத்துல எறங்கி, மூணு கட்டம் தாண்டி, அவுட்டாகி, அழுதுக்கிட்டுப் போனாளே, அந்த மாதிரி ஆளா இருக்கணும்.

அந்தா பாருங்க, மங்கை அவளாவே அந்த அடிபம்புலதான் சாஞ்சுக்கிட்டு நிக்கா. நான் ஒண்ணும் சொல்லல. அவளுக்கு ஒண்ணும் சொல்ல வேண்டாம், எதுக்குன்னும் சொல்ல வேண்டாம். கண்ணைப் பொத்த வேண்டாம், எண்ண வேண்டாம். அந்த அறைப் பக்கம் திரும்பி நின்னு, ஆட்டம் முடிஞ்சிருச்சு, வெளிய வான்னு ஒரு தடவை சொன்னாப் போதும். சத்தமாக் கூட வேண்டாம். நீங்க கையைப் பிடிச்சுக்கிட்டுப் பக்கத்துலயே நில்லுங்க. நான் இங்கனயே உக்காந்திருக்கேன், எந்திரிக்கக் கூட மாட்டேன்.

என்னம்மா, அவளைச் சொல்லச் சொல்லுதீங்களா?